பேராயர் மடியில் போன முகம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் இருமல் விட்டு உடம்பு தேறியிருக்கும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தூரிகையைத் தொடாதே என்று நீ போனில் சொன்னாய், நானும் இனி நம்மால் ஆகாது என்றுதான் ஒதுங்கியிருந்தேன். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு வெள்ளை நீலம் பாய்ந்தும் மற்றக் கண்ணுக்கு அதே வெள்ளை பழுப்பாகவும் தெரிந்தால் எதை நம்பி ஒரு முகத்தை எழுதுவது. அப்போதுதான் பேராயர் இல்லத்திலிருந்து செயலாளர் ஃபாதர் வந்தார். பேராயர் ஆண்டகை ஓய்வு பெறப்போகிறார், கூடத்தில் மாட்ட ஆளுயரப் படம் வேண்டுமாம். முடியாது என்று நான் வாயெடுப்பதற்குள் உன் அப்பா தலையாட்டிவிட்டார். அவர் தலையாட்டிவிட்டு நான் திண்டாடுவது இந்த வீட்டில் புதிதா என்ன.

பெரிய துணியில் கைவைக்கும் முன் முகத்தை மட்டும் ஒரு சின்னப் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் எழுதிப் பார்த்துக்கொள்வேன் இல்லையா, அதற்காக வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேராயர் இல்லத்துக்குப் போனேன். ஃபாதர் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்து, இதைப் பார்த்தே எழுதிவிடுங்கள், ஆண்டகை நோயில் ரொம்ப இளைத்துவிட்டார், ஜனங்களுக்கு மனசு கஷ்டப்படும் என்றார். நேரில் பார்த்தால் அங்கிக் கழுத்து தொளதொளவென்று, கன்ன எலும்பு துருத்திக்கொண்டு. ஆனாலும் ஜன்னல் வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்ததைக் கண்டதும் போட்டோவைக் கவிழ்த்துவிட்டேன். ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, மாற்றி மாற்றிப் பார்த்து நிறம் கலந்தேன். கண்ணடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரத்து வாயைத்தான் பிடித்துவிட்டேன்.

முடித்துப் பலகையைத் திருப்பிக் காட்டியதும் மனிதர் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிறம் தப்பிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக, "இது நான் இல்லம்மா, எங்க அப்பா" என்றார். செங்கல் சூளையில் வேலை பார்த்தவராம், இவர் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இப்படித்தான் இளைத்து இளைத்துப் போய்ச் சேர்ந்தாராம், வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாதாம். படுத்த படுக்கையாக இருக்கும் அக்காவிடம் காட்ட வேண்டும் என்று பலகையைக் கேட்டார். காய ஒரு வாரமாவது ஆகும் என்றேன். அதுவரை அக்கா இருப்பாளோ என்னவோ என்று சொல்லி, ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். ஃபாதர் பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடிப்போய் ஏறினார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் எழுதிய முகம் தெருமுனை திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஃபாதர் வந்து நடந்ததைச் சொன்னார். அந்த அக்காவுக்குப் பல மாதமாகத் தம்பியையே அடையாளம் தெரியாதாம், சாமியார் யாரோ வந்திருக்கிறார் என்று கும்பிடுவாராம். பலகையை முகத்துக்கு நேரே பிடித்ததும் வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அப்பா நின்னுக்கிட்டே இருக்காங்க பாரு, ஒரு நாற்காலி போடு" என்றாராம். ஆண்டகையும் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாராம். அங்கியில் அப்பிய வண்ணம்தான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லையாம்.

பலகை இனி திரும்பாது, அக்கா கட்டிலுக்கு எதிரே மாட்டியாகிவிட்டது. போட்டோவைப் பற்றி ஃபாதரும் பேச்செடுக்கவில்லை. இன்னொரு தரம் உட்காருகிறேன், இந்தத் தடவை உங்கள் வீட்டுக்கே வருகிறேன் என்று ஆண்டகை சொல்லியனுப்பியிருக்கிறார். வியாழக்கிழமை வருகிறார். உன் அப்பா முன்னறையை ஒழிக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் படுக்கையறையில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறார். எனக்கோ கை பரபரக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் மனம் நிறைந்து நெடுநாள் வாழ வேண்டும். லீவு கேட்க மறந்துவிடாதே, அடுத்து உன்னைத்தான் உட்காரவைத்து எழுதப்போகிறேன், நீ நேரில் வந்தே ஆக வேண்டும்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா