ஐயன் கையிலிருந்த அடப்பம்

சூலூர்,
14.6.2024

அன்புள்ள தம்பி பாலுசாமிக்கு அண்ணன் செங்கோடன் எழுதுவது.

நம்மைப் பெற்ற ஐயனின் கையிலிருந்த அடப்பத்தை நீ பிடுங்கிவிட்டாய். செத்து முப்பத்தோரு வருஷம் ஆன மனுஷனிடமிருந்து பிடுங்கியிருக்கிறாய். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நீ எழுதிய நம் இன வரலாறு தபாலில் வந்தது. பதினேழாம் பக்கத்தில் ஐயனின் படம். சோமனூர்ப் பக்கம் ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. தலைப்பாகை, கடுக்கன், கையில் சவரக் கத்தியும் கிண்ணமும் வைத்த அந்தத் தோல்பை அடப்பம். மூலப்படம் என் கடையில் கண்ணாடிக்கு மேலே தொங்குகிறது. நாற்பது வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். உன் புத்தகத்தில் அடப்பத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் ஓலைச்சுவடி!

தம்பி, ஐயன் ரேஷன் கார்டுக்குக் கட்டைவிரல் வைத்தவர். கல்யாண வீடுகளில் நம் ஆட்கள் பாடும் வாழ்த்து முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர். என் கடையில் முடி வெட்டுகிற பஷீர் உன் புத்தகத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க ஐயன் வாத்தியாருங்களா? சொல்லவே இல்லீங்க!" என்றான். சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நாம் அரண்மனை வைத்தியர்கள் என்று ஒன்பது இடங்களில் எழுதியிருக்கிறாய். எந்த அரண்மனை? சூலூரில் எனக்குத் தெரிந்த பெரிய கட்டடம் விமானப்படை முகாம்தான். சவரம் என்ற சொல் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஊருக்கே பிரசவம் பார்த்த நம் ஆத்தா மாரியாத்தாளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன் என்றால் நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படித்துத்தான் தீர வேண்டும். பேத்தி சண்முகப்பிரியாவைக் கேட்டதாகச் சொல். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

செங்கோடன்

*

போத்தனூர்,
25.6.2024

வணக்கத்துக்குரிய அண்ணாவுக்கு,

மூட்டுவலி அப்படியேதான். உங்கள் கோபம் எதிர்பார்த்ததுதான். படத்தை மாற்றியது அச்சகத்து ஷாஹுல். மாற்றச் சொன்னது நான். பழியை அவர்மேல் போட மாட்டேன். மாற்றும் முன்னால் அவரே, "பெரியவர் கையில இருக்கறது நல்லாத்தானே இருக்குதுங்க, எதுக்குங்க எடுக்கோணும்?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் கடையில் நின்றீர்கள். அங்கே எப்பேர்ப்பட்டவனும் உங்கள் முன்னால் தலையைக் குனிந்தான். நான் வகுப்பில் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு முதல் நாள் வாத்தியார் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, "உனக்கென்னடா, பொறப்புலயே கை வருமே, எல்லாருக்கும் வெட்டியுடு" என்றார். வெட்டினேன் அண்ணா. முப்பத்திரண்டு பேருக்கு. ஒவ்வொருத்தனும் எழுந்து போகும்போது என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ரயில்வே ஆபீசில் முப்பத்தைந்து வருஷம். சொந்த ஊர் எது என்று கேட்டால் சொல்வேன். அடுத்த கேள்வி வருமுன் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். என் பேத்தி அப்படி எழுந்து போகக் கூடாது. அதற்காகத்தான் அந்தப் புத்தகம்.

பிரியாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. செப்டம்பர் ஐந்தாம் தேதி கோவையில் கல்யாணம். நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

உங்கள் தம்பி
பாலுசாமி

*

சூலூர்,
3.7.2024

தம்பி பாலுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அன்று சாயங்காலம் உன் சட்டை முழுக்க மயிர் ஒட்டியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆத்தா ஒன்றும் கேட்காமல் கழற்றி வாங்கி உதறினாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது நான் பெரிய பையன்தான். கேட்காதது என் தப்பு. எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. அந்த வாத்தியார் பேரைப் போட்டு ஓர் அத்தியாயம் எழுதியிருந்தால் நான் உன் தோளில் துண்டு போர்த்தியிருப்பேன். நீ அவரை விட்டுவிட்டு ஐயனைத் திருத்தியிருக்கிறாய். குற்றம் செய்தவன் ஒருத்தன், அடையாளத்தை மறைத்துக்கொள்கிறவன் இன்னொருத்தனா?

வைத்தியர் என்று எழுதியது பொய்யில்லை. ஐயன் கட்டி அறுத்தார், மருந்து அரைத்தார். அதே கத்தியால்தான் சவரமும் செய்தார். பாதியை வைத்துக்கொண்டு பாதியை வெட்டிவிட்டாயே, அதைத்தான் கேட்கிறேன்.

ஆத்தாவை எதற்கு விட்டாய்? பிள்ளை வயிற்றில் இருக்கிறவரை எந்தப் பெரிய வீட்டிலும் அவள் உள்ளறை வரைக்கும் போனாள். தொப்புள்கொடி அறுந்ததும் அவளுக்குப் புழக்கடைதான். ஒரு மழைநாளில் கால் முன்னால் வந்த பிள்ளையைத் திருப்பி எடுத்துவிட்டு, அந்த வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நனைந்தபடி நின்று சோறு வாங்கினாளே, கூட நீயும் நின்றாய். அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது. மாதம் ஒரு தடவை என் கடைக்கு வருகிறார். "உங்க ஆத்தா இல்லீனா நா இல்லீங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகச் சொல்கிறார். ஊரான் சொல்கிறான், நீ சொல்ல மாட்டேன் என்கிறாய்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். கடைக்கு வருகிறவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டித்தான் தமிழ் படித்தேன். அதனால் உன்னைப் போல எனக்கு நயமாக எழுத வராது. இரண்டாம் பதிப்பில் படத்தை மாற்று. ஆத்தாவை எழுது. அதுவரை உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.

செங்கோடன்

*

போத்தனூர்,
2.8.2024

அண்ணாவுக்கு,

புத்தகத்தை வெளியிட்ட நம் இனச் சங்கத்துக் கூட்டத்தில் பேசிப் பார்த்தேன். தலைவர் சென்னகேசவன், "ஏனுங்க பாலுசாமி, இத்தனை வருசம் கழிச்சு நாமளே நம்ம மூஞ்சில எழுதி ஒட்டிக்கோணுமா?" என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கை தானாகத் தட்டிவிட்டது அண்ணா.

நாலு தடவை போன் செய்தேன். பஷீர் எடுத்து, நீங்கள் வேலையாக இருப்பதாகவே சொல்கிறார். கோபம் என்றாலும் ஒரு வார்த்தை பேசக் கூடாதா?

இன்னொன்று, எழுதக் கை வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் நம் ஆட்கள்தான். ஆனால் சென்னையில் மூன்று தலைமுறையாக டாக்டர்கள். கல்யாணத்தில் பழைய வாழ்த்துப் பாட்டு வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் கட்டாயம் வர வேண்டும், கார் அனுப்புகிறேன், முதல் வரிசையில் உட்கார வேண்டும். பாட மட்டும் வேண்டாம். யாராவது கேட்டால் கடையைப் பற்றியும் பேச வேண்டாம். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பாடினால் அப்பா பாடுவது போலவே இருக்கும். நான் மேடையில் உடைந்துவிடுவேன். அதுவும் ஒரு காரணம்.

தம்பி
பாலுசாமி

*

சூலூர்,
20.8.2024

பாலு,

கவலைப்படாதே. கல்யாணத்தில் நான் பாட மாட்டேன், பேசவும் மாட்டேன். அதற்கு டாக்டர்கள் ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

சித்திரையிலிருந்தே குரல் கம்மிக்கொண்டு வந்தது. நீ போன் செய்தபோதெல்லாம் பஷீர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் சத்தத்தைக் கேட்டால் நீ பயந்துவிடுவாய் என்று எடுக்கவில்லை. தொண்டையில் புற்று. செப்டம்பர் மூன்றாம் தேதி கோவை ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுக்கிறார்கள். அப்புறம் கழுத்தில் ஓட்டை வழியாக மூச்சு. பேச்சு கிடையாது. கத்தி பிடிக்கும் டாக்டர் சின்ன வயசு. "பயமுங்களா அய்யா?" என்று கேட்டார். "கத்தி தீட்டியிருக்கீங்களா, அதச் சொல்லுங்க" என்று எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

போன வாரம் கடையை அடைத்துவிட்டு, ஐயன் படத்துக்கு முன்னால் நின்று வாழ்த்தை ஒரு தடவை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது. பஷீர் வெளியே போய் நின்றுகொண்டான்.

எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எழுபத்தாறு வயசில் நெஞ்சு தாங்குமா என்று அவர்களுக்கே சந்தேகம். ஆகவே ஆக வேண்டியதை எழுதுகிறேன். மாற்றாமல் செய்.

கடை பஷீருக்கு. எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் போய்க் கேட்கக் கூடாது.

ஐயனின் மூலப்படத்தைப் பஷீர் ஷாஹுலிடம் கொண்டுபோய்க் கொடுப்பான். ஷாஹுல் அதை உள்ளபடி அச்சடிக்க வேண்டும். சங்கம் ஒப்பவில்லை என்றால் ஒரு தனித் தாளில் அடித்து, உன்னிடம் இருக்கும் பிரதிகளில் பதினேழாம் பக்கத்தின்மேல் உன் கையாலேயே ஒட்டு.

ஆத்தாவைப் பற்றிப் பிரியா எழுதட்டும். கடைசியாக அந்தக் கை தொட்ட குழந்தை அவள்தான். ஆஸ்பத்திரியில் பிறந்தாலும் ஆத்தாதான் முதல் குளியல் ஊற்றினாள். இதை அவளுக்குச் சொல்ல வேண்டியது நீ.

கல்யாணத்தில் வாழ்த்தை நீ பாட வேண்டும். உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. சின்ன வயசில் தூக்கத்தில் சொல்வாய், பக்கத்தில் படுத்திருந்தவன் நான். மேடையில் வேண்டாம் என்றால், தாலி ஏறும் நேரத்தில் பிரியாவின் காதில் நாலு வரி பாடு. உடைந்தால் உடை.

கடைசியாக எனக்கு. நம் ஆட்கள் செத்தால் நம் ஆட்களேதான் கடைசிச் சவரம் செய்வது. ஐயனுக்கு நான் செய்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். எனக்குப் பஷீர் முன்வருவான், விடாதே. சங்கத்து ஆள் வேண்டாம். நீ செய்ய வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கு வெட்டிய கை, முப்பத்து மூன்றாவது ஆள் நான். யாரும் உன் முதுகில் தட்ட மாட்டார்கள்.

அடப்பம் கடையில் ஐயன் படத்துக்குக் கீழே இருக்கிறது. கத்தியை நான் தீட்டி வைத்துவிட்டேன். வெந்நீர் பஷீர் கொண்டுவருவான். இடது தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. அங்கே மட்டும் கீழ்நோக்கி இழு.

செங்கோடன்