ஆரோக்கியராஜ் கேட்ட ஓய்வு

மார்ச் 9, ஞாயிறு

இன்று வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது ஆரோக்கியராஜ் சைக்கிளோடு விழுந்துவிட்டான். வளைவில் ஒரு நொடி கண் சொக்கிவிட்டதாம். தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது.

புதன்கிழமையே சொன்னான். "இந்த வாரம் வாணாம்டா. ராத்திரில தூக்கமே வர்ல. காலைல எழுந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு இருக்குது."

"நடுவுல நிறுத்துனா இதுவரைக்கும் ஓட்னதெல்லாம் வீணாப்பூடும்" என்றேன்.

எங்கள் இருவருக்கும் சைக்கிள் பயிற்சி அட்டவணை போடுவது நான்தான். வாரா வாரம் கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டே போனேன். நான் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவன். அவனுக்குச் சர்க்கரை ஆலையில் இது கரும்பு அரவைக் காலம். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்துதான் என்னோடு சைக்கிளை மிதித்தான். அந்த எட்டு மணி நேரத்தை நான் எந்த வாரமும் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதும் மாலையில் அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் மனைவி மேரி, "நீங்க கூட இருக்கவே சரியாப் போச்சுண்ணா. இவுரு தனியா போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள்.

ஆரோக்கியராஜ் என்னை ஒருமுறை பார்த்தான். புதன்கிழமை பேசியதை அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.