உறை ஊற்றிவிட்டுப் போன பால்

நண்பா,

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்துவிட்டு இன்றுதான் வீட்டுக் கதவைத் திறந்தேன். சமையற்கட்டிலிருந்து புளித்த தயிர் வாடை. காலையில் திரும்பிவிடலாம் என்று நினைத்து உறை ஊற்றிவிட்டுப் போன பால். உன் அம்மா ஞாபகம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அறுபதுகளில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் தலைப்பாகை கட்டிய ஒரே குடும்பம் உங்களுடையது. கல்லூரி ஆண்டு மலருக்கு நீ பஞ்சாபியில் கதை எழுதுவாய், வரிவரியாகச் சொல்வாய், நான் தமிழாக்குவேன். முதல் ஆண்டு ராஜா கதை, வாலில் ஒரு நீதி. அடுத்த ஆண்டு ராஜா போய் ஜங்ஷன் போர்ட்டர் வந்தார். நீதி மட்டும் போகவில்லை. “அந்த வாலை அறுடா” என்று கேலி செய்தேன்.

மூன்றாம் ஆண்டு அறுத்துவிட்டாய். நாடு பிரிந்தபோது, விடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பி, எருமைப் பாலுக்கு உறை ஊற்றிவிட்டு லாகூருக்குப் பக்கத்தில் இருந்த வீட்டைப் பூட்டிய உன் அம்மாவின் கதை. ஒரே பக்கம். பாலில் மோர் விழுகிறது, கதை முடிகிறது. என்னோடு டீ குடிக்கிறவனா இதை எழுதினான்!

“எங்கம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுடா. அவங்க எழுத்துலயே வரணும்” என்றாய். திண்டிவனம் அச்சகத்தில் பஞ்சாபி அச்செழுத்துக்கு எங்கே போவது? நீ கையால் எழுதிய பக்கத்தையே படம்போல பிளாக் எடுத்துக் கொடுத்தோம். புரூஃப் பார்க்கப் போவதற்குள் அச்சேறிவிட்டது. பக்கம் தலைகீழ்! உங்கள் எழுத்து மேல்கோட்டில் தொங்கும். அச்சுக் கோர்க்கும் கம்பாசிட்டர் கோடு அடியில் வரும்படி திருப்பி வைத்துவிட்டார்.

“நோட்டுல கோட்டு மேலதானே தம்பி எழுதிக்கினு இருக்கோம்?” என்றார், பாவம்.

“பேஜாராப் போச்சுடா. அம்மாகிட்ட எப்பிடிக் காட்டுவேன்?” நீ அழுதேவிட்டாய்.

நான்தான் மலரை உன் அம்மா கையில் கொடுத்தேன். புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, விரல் வைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து. பிறகு உன்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நீ அதை எனக்குத் தமிழில் சொன்னாய்: “அங்கியே நிறுத்தினது சரிதானாம்டா. அதுக்கு மேல அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதாம்.”

அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு கதைக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அவரும் இல்லை, நீயும் போய்விட்டாய். புளித்த தயிரைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை. அதில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றியிருக்கிறேன். விடிந்ததும் திறந்து பார்ப்பேன்.