செபமாலை இல்லாமல் இறங்கிய வள்ளம்

அன்பு மகள் அனுஜாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, முக்கால்வாசி அது உண்மையும்கூட. உன் சித்தி மகள் விஜிலா நாளை மஸ்கட் திரும்புகிறாள், நெத்திலிக் கருவாடும் மக்ரூனும் கொடுத்துவிடுகிறேன், கருவாட்டை வெயில் காட்டி வை. கடிதமாக எழுதக் காரணம், போனில் உன் குரல் கேட்டாலே தம்பி பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறான்.

தம்பி கிங்ஸ்டன் விடியற்காலையில் கரையில் நின்று அப்பாவுக்காகச் செபமாலை சொல்வது உனக்குத் தெரியும். நடுவில் ஒரு கெட்ட நினைப்பு குறுக்கிட்டால் அப்பா திரும்ப மாட்டார் என்று பயந்து, முதல் மணியிலிருந்து மறுபடி தொடங்குகிறான் என்பது இத்தனை நாள் நமக்குத் தெரியவில்லை. திரேஸ்புரத்தில் எல்லோரும் அதைப் பக்தி என்றார்கள். இரண்டொரு தடவை மீன் நன்றாகப் பட்டதும், அவன் செபம் முடித்த பிறகுதான் வள்ளத்தைத் தள்ளுவது என்று கூடப் போகிறவர்கள் வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். மீன் குறைந்த நாளில் இன்பமணி மாமா, "ஏலே சாமியாரே, பாதித் தூக்கத்துலயா சொன்ன, வலை பூரா பாசிதான் கெடக்கு" என்று கேலி செய்வார், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவனோ கடல் முழுவதும் தன் பொறுப்பு என்று நம்பியிருக்கிறான். போன மாதம் ஒருநாள் மற்ற வள்ளங்கள் எல்லாம் போய், வெயில் ஏறிய பிறகும் அவனால் நிறுத்த முடியவில்லை, உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. பங்குச் சாமி பார்த்துவிட்டு, "இது பக்தி இல்ல பிலோமி, பயம். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பாளையங்கோட்டை டாக்டரம்மா இதற்கு ஓ.சி.டி என்று பெயர் சொன்னார். வேண்டாத நினைப்பு தானாக வருமாம், அதை அடக்க ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றுமாம், செய்யச் செய்யப் பயம்தான் வளருமாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். சனிக்கிழமைகளில் இவனைப் போன்றவர்களும் வீட்டாரும் அங்கே கூடிப் பேசுகிறோம், எனக்கே அது பெரிய ஆறுதல். வாசல்வரை போய்விட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பித் திரும்பி வருகிற நாசரேத் கிரேசி டீச்சர், "தம்பி, நீ கடலக் காவல் காக்க, நான் கேஸ் அடுப்பக் காவல் காக்கேன், ரெண்டு பேருக்கும் சம்பளம் கெடையாது" என்றதும் இவன் சிரித்தான் அனுஜா, எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

இன்று காலை செபமாலை இல்லாமல் வள்ளம் இறங்கியது. டாக்டரம்மா சொல்லி, அவனே ஒத்துக்கொண்டதுதான். இன்பமணி மாமா முகம் சுளித்தார், அப்பா, "மீனுக்கு நான் பொறுப்பு, எம் மவன்ட்ட இனி யாரும் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தள்ளினார். தம்பி அப்போதிருந்து உட்காரவே இல்லை. காற்று வேறு எழும்பியிருக்கிறது. "அப்பா வந்துருவாவல்லாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான், நான், "தெரியாதுய்யா, ஆனா நான் ஒங்கூட இருக்கேன்" என்கிறேன். என்னிடம் கிடைக்காததை இனி உன்னிடம்தான் கேட்பான். "வந்துருவாவடா" என்று நீ சொன்னால் கொஞ்ச நேரம் ஆறும், பிறகு இன்னும் பயந்து கேட்பான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு, அதனால்தான் உன்னைக் கெஞ்சுகிறேன், சொல்லாதே மகளே. அதட்டவும் வேண்டாம். பேசாமல் லைனில் இரு, அவன் மூச்சு ஆறும்வரை இரு.

டூட்டி நேரத்தில் சாப்பிடாமல் கிடக்காதே, மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாள், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். விஜிலா வந்து வாசலில் நிற்கிறாள். அப்பா கரை சேர்ந்துவிட்டார் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டிருந்தேன். வள்ளம் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வரி இல்லாமலே உறையை ஒட்டுகிறேன்.

உன் அம்மா
பிலோமி