நீ கேட்ட சக்கரம்

கராஜ் கதவைத் திறந்தால் புது டயர் வாசனை முகத்தில் அடிக்கிறது. சனிக்கிழமை வந்து இறங்கிய நான்கும் வாஷிங் மெஷின் பக்கத்தில் அடுக்கி இருக்கின்றன. துவைத்த துணியெல்லாம் ரப்பர் நாறுகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு. எனக்குமே அந்த வாசனை ஆகாது. நீயாக இருந்தால் டயருக்குள் தலையை விட்டு நன்றாக மூச்சிழுத்திருப்பாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போய், காரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன். களைப்பாக இருக்கிறதடா.

இந்த வாரக் கடைசியில் இவற்றை உன் பிக்கப் வண்டியில் மாட்டப்போகிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட இருபது அங்குலம் இல்லை, பதினெட்டு. திட்டுவதென்றால் இப்போதே திட்டிக்கொள்.

ஃப்ரீமான்ட்டில் நம் ஆட்கள் வாங்குவது மின்சாரக் கார், இல்லாவிட்டால் ஏழு பேர் உட்காரும் வேன். நீ ஒருவன்தான் நம் இரண்டு பேரையும்விட வயதில் மூத்த பிக்கப் ஒன்றை வீட்டு வாசலுக்கு இழுத்து வந்தாய். அதோடு விட்டாயா? ஸ்பிரிங்கை மாற்றி, தரையோடு தரையாக இறக்கினாய். “வேகத்தடையில வயிறு தேயும்டா,” என்றேன். “தேயட்டும், அழகா இருக்கோணும்,” என்றாய். இறக்கிய வண்டிக்குப் பெரிய சக்கரம், அதுவும் இருபது அங்குலம், மெல்லிய டயரோடு. இறங்கிய வண்டியில் அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு இடம் இருக்காது, திருப்பினால் மட்கார்டில் உரசும் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். மில்பிடாஸ் ஆபீஸ் பார்க்கிங்கில் மதியச் சாப்பாடு முடிந்ததும், அடுத்தவன் பிக்கப்பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டு அளந்துகொண்டு நிற்போம். செக்யூரிட்டிக்காரர் நம்மை வீல் திருட வந்தவர்கள் என்றே நினைத்திருப்பார்.

பொங்கல் விழா நினைவிருக்கிறதா? தெரிந்த ஒருவரிடம் இருபது அங்குலச் சக்கரங்களை இரவல் வாங்கி வந்து மாட்டினோம். ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு தெனாவட்டு. மறுநாள் விழாவுக்கு மடக்கு நாற்காலிகளையும் சர்க்கரைப் பொங்கல் அண்டாவையும் பின்னால் ஏற்றி, நாம் இரண்டு பேரும் முன்னால் ஏறினோம். ஃப்ரீவேக்குள் திரும்பும் வளைவில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். ஓரம்கட்டிப் பார்த்தால் டயரின் ஓரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. விருந்து முடிந்து ஜனங்கள் கை கழுவிய பிறகு பொங்கல் வந்து சேர்ந்தது அந்த ஒரு வருடம்தான்.

இத்தனை படித்த இரண்டு பேரும் வண்டியைக் காலியாக நிறுத்தி அளந்திருக்கிறோம். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு நீ சொன்னாய்: “வெறும் வண்டிய அளந்தா ஆவுமா? ஏறுறவனோட அளக்கோணும்டா.”

அதற்குப் பிறகு அதுதான் நம் முறை. பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்டிவிட்டு, நீ ஸ்டியரிங் முன்னால் உட்காருவாய், நான் டேப்போடு கீழே படுப்பேன். நீ ஏறினாலே வண்டி ஒரு பெருவிரல் தடிமன் இறங்கும். “மூச்சப் புடிச்சுக்க, ஒரு நூல் மிச்சமாகுதான்னு பாக்கலாம்,” என்று கிண்டல் செய்வேன். ஒவ்வொரு தடவையும் இருபதுக்கு இடம் போதாமல் போகும். ஒவ்வொரு தடவையும் நீ டேப்தான் தப்பு என்பாய்.

பிறகு உன் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், வண்டியில் ஏறி உட்காரவேண்டும் என்றாய். நானும் உன் மனைவியும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம். “அளடா,” என்றாய். படுத்து அளந்தேன். வண்டி இறங்கவே இல்லை. காலி வண்டிக்கு என்ன அளவோ அதே அளவு. எனக்குக் கீழேயிருந்து எழுந்து வர மனம் வரவில்லை. நீயே எட்டி டேப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். “பாத்தியா, இப்பப் பொருந்துது. இருபதே போட்டர்லாம்.” அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

உன் மகளுக்கு டெக்சாஸில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மாவும் மகளும் அங்கே ஆலன் என்ற ஊருக்குக் குடிபோகிறார்கள். அப்பாவின் பிக்கப்பை விற்கமாட்டாளாம், அவளே ஓட்டிக்கொண்டு போவாளாம். அவ்வளவு தூரம், அந்த வண்டியில். உன் மனைவி என்னிடம், “அவரு கடைசியா இருபதுன்னுதான் சொன்னாருங்ண்ணா. அதையே போட்டுக் குடுங்க,” என்று கேட்டாள். உன் கடைசி ஆசை என்கிறாள். ஹைவேயில் டயர் கிழிந்தால் உள்ளே இருப்பது உன் பெண். சில நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

டயர் வந்து இறங்கியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கடையில் சொல்வதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன். வழியில் மௌரி அவென்யூக் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாக டிரைவர் சீட்டில் அடுக்கினேன்.

உன் மகள் புரியாமல் பார்த்தாள். “அங்கிள், ஐ ஆம் டிரைவிங் இட். நாட் அப்பா. ஐ ஆம் லைக், ஹாஃப் ஹிஸ் வெயிட்.”

“சாமானும் ஏறும்ல கண்ணு,” என்றேன். பொய் இல்லை, சாமானும் ஏறத்தான் போகிறது. ஆனால் நான் அதற்காக அடுக்கவில்லை. குளிர்காலத்தில் டேப் காட்டிய அளவை வைத்து உன் வண்டிக்குச் சக்கரம் வாங்க என்னால் முடியவில்லை.

உன் மனைவி கராஜ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு குனிந்ததும் சொன்னாள்:

“இன்னொரு மூட்டை வைங்ண்ணா. அவரு இதவிடக் கனம்.”

வைத்தேன். வண்டி பெருவிரல் தடிமன் இறங்கி நின்றது. அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, டேப்பை ஒருமுறை பார்த்தாள். இருபதுக்கு இடம் இல்லை. “பதினெட்டே போட்டுருங்ண்ணா,” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பார்த்த உன் உடம்பு எனக்கு மறந்துகொண்டே வருகிறது. மறக்கட்டும். ஏறி உட்கார்ந்தாலே வண்டியைப் பெருவிரல் தடிமன் இறக்கியவன் ஒருவன் இருந்தானே, அவனை நான் அந்தக் கனத்தோடேயே வைத்திருக்கிறேன்.