வெயில் தாழ்ந்து பார்த்த வீடு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சின்னவளும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நான் கோபமாக இருக்கிறேன். போனில் திட்டினால் நீ ஏதாவது ஜோக் அடிப்பாய், நானும் ஏமாந்து சிரித்துவிடுவேன், பேச்சு சின்னவளுடைய பரீட்சைக்குத் தாவிவிடும். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். கடைசிவரை படி.

நீ அனுப்பிய வீடியோவை நான்கு தடவை பார்த்தேன். ஏழாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் ஆகாயம். சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், மேற்குப் பார்த்து. அதில் சூரியன் சிவப்பாக இறங்குவதைக் காட்டி, வியூ பாரும்மா, இதுக்கே குடுக்கலாம் வாடகை என்கிறாய். அந்தச் சூரியன் மதியத்திலிருந்து அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போகிற நேரம்தான் நீ பார்த்தது. வீடு பார்க்க எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்டேன். வெயில் தாழ்ந்ததும் போனேன்ம்மா, நீதானே சொல்லுவே வெயில்ல அலையாதேன்னு என்றாய். உன் அப்பாவிடம் வீடியோவைக் காட்டினால் அவர், காத்து நல்லா வருது பாரு, திரைச்சீலை எப்படி ஆடுது என்று சந்தோஷப்படுகிறார். இருபத்திரண்டு வருடம் கழித்து அதே வாக்கியம். இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்ததற்காக என்று நினைத்துக்கொண்டு மனிதர் இரண்டு நாளாக மோட்டாருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

அந்த வீட்டைக் காட்டிய தரகருக்கு நானே போன் செய்தேன். கோபப்படாதே, படுவதற்கு இந்த மாதம் என் முறை. வீடு தேடுகிறவள் மாதிரிப் பேசினேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டேன். இருக்கு மேடம், லிஃப்டுக்கு இருக்கு, வராந்தா லைட்டுக்கு இருக்கு என்றார். வீட்டுக்குள்ளே என்றேன். வீட்டுக்குத்தான் காத்து இருக்கே மேடம் என்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடை என்று கேட்டதற்கு, பன்னிரண்டு நிமிஷம், நேர் ரோடு, ஒரு மரம்கூட மறைக்காது என்று பெருமையாகச் சொன்னார். அந்த நேர் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு, விமான நிலையச் சரக்குப் பிரிவில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு, நீ நடந்து வரவேண்டும். வந்து படுத்து மாலை நாலு மணி வரை தூங்க வேண்டும். மற்றவர்கள் பகலில் குளிர் அறையில் வேலை பார்த்துவிட்டு இரவில் வந்து படுக்கிற வீடு அது. நீ பகலில் தூங்குகிறவன். மேல்தளம் காலையிலிருந்தும் அந்த ஜன்னல் மதியத்திலிருந்தும் எரிய, நாலு மணி வரை நீ அதற்கு எதிரில் கண்ணை மூடிக் கிடக்கப்போகிறாய். இதை யோசிக்க உனக்கு எந்தப் படிப்பு பற்றவில்லை?

உன் கூட வேலை பார்க்கும் டிரைவர் அண்ணன் சொன்ன இடத்தை ஏன் வேண்டாம் என்றாய்? அச்சகங்கள் இருக்கிற பழைய பேட்டை, மூன்று மாடியில் இரண்டாவது, கிழக்குப் பார்த்த அறை, தலைக்கு மேலே வீட்டுக்காரர் குடியிருப்பு, ஒரு வீட்டின் நிழல் இன்னொரு வீட்டில் விழுகிற சந்து, தெருமுனையில் ஆஸ்பத்திரி. நீ சொன்ன காரணம், கசகசன்னு இருக்கும்மா, எதிர்வீட்டுக்காரன் தும்மினா நான் முகம் துடைச்சுக்கணும், போகும்போதும் வரும்போதும் கேள்வி கேப்பாங்க. புதுக் கட்டடத்தில் யாரும் யாரையும் தொந்தரவு பண்ண மாட்டாங்களாம், ஒரு தளத்துக்கு ஆறு வீடு, ஆறு கதவும் எப்பவும் சாத்தியே இருக்குமாம். இதைச் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னாயே, ரொம்பச் சூடா இருந்தா ஃபேன்கிட்ட பேசிக்கிறேன்ம்மா, பழைய சிநேகிதம்தானே என்று. அந்தப் பக்கம் நீ சிரித்தாய், இந்தப் பக்கம் அப்பா சிரித்தார், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவும் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன்.

அந்தக் கதை உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உனக்கு மூன்று வயது, மத்தியானம் படுக்கையில் மல்லாந்து கிடந்து ஃபேனைப் பார்த்து, கீழே வா, கீழே வந்து விளையாடு என்று கூப்பிட்டாய். குடும்பத்தில் யார் கூடினாலும் பெரியம்மா இதை நடித்துக் காட்டுவாள், நீயும் எழுந்து நின்று கை தட்டுவாய். மீதியை இப்போது சொல்கிறேன். அதுவும் மாடி வீடுதான், மேலே வெறும் தளம். அப்பா வேலை விட்டு ஆறு மணிக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். காற்று அப்படியே ஆளைத் தூக்கியது. காத்து நல்லா வருது பாரு, ஃபேனே வேண்டாம் போலிருக்கே என்றார், நானும் தலையாட்டினேன். நம் வீட்டில் யாருமே வெயிலில் வீடு பார்த்ததில்லை, வெயில் தாழ்ந்து போனால்தான் உடம்புக்கு நல்லது என்று பழக்கம். அந்தப் பழக்கம்தான் நம்மை ஏமாற்றியது. குடிபோன மூன்றாவது மாதம் கோடை. நீ ஃபேனைக் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. வேடிக்கை பாருங்கள் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன், கேட்கிறதா, வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டேன். அந்த அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மேலே வந்தார், உன் முதுகில் கை வைத்தார், சட்டென்று எடுத்தார். அறிவிருக்கா உனக்கு, புள்ள வேர்க்கவே இல்ல, அடுப்பு மாதிரி எரியுது, நீ சிரிச்சுக்கிட்டு நிக்கிறே என்று கத்தினார். உன்னை என்னிடம் கேட்கக்கூட இல்லை, தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். தைக்க வைத்திருந்த யாருடைய துணியையோ நனைத்து உன்மேல் சுற்றினார், ஆட்டோவில் என்னைத் தள்ளி ஏற்றினார். உன் கண் பாதி மூடியிருந்தது. என்னை உனக்கு அடையாளம் தெரியவில்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. இன்றுவரை அதை நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் எல்லோரும் வந்து என்னாச்சு என்னாச்சு என்றார்கள். நான் சிரித்தது, கூப்பிட்டுக் காட்டியது, இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லேசாகக் காய்ச்சல், ஃபேனோடு பேசினான் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிடம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அந்த ஜோக்கைச் செய்தது பெரியம்மா இல்லை, நான். அப்பா அன்று இரட்டை ஷிப்ட், அவருக்கும் இவ்வளவுதான் தெரியும். உனக்கு வெயிலைப் பார்த்துப் பயமே இல்லாமல் போனதற்குக் காரணம் நான் சொன்ன அந்தக் கதை. ஆகவே இந்தக் கடிதத்தில் இருக்கிற கோபத்தில் பாதிக்கு மேல் உனக்கில்லை. உனக்குள்ளதை மட்டும் நீ எடுத்துக்கொள், அதுவே போதுமான அளவு இருக்கிறது.

மருந்துக் கிடங்கு வேலையில் நான் ஒரு நாளைக்கு மூன்று வேளை வெப்ப அளவு எழுதுகிறேன். முப்பது டிகிரிக்கு மேல் போனால் அலாரம் அடிக்கிறது, மேலாளர் ஓடி வருகிறார், விளக்கக் கடிதம் கேட்கிறார்கள். இருமல் மருந்துக்கு இந்த மரியாதை. கடிதத்தோடு ஒரு பழைய வெப்பமானி அனுப்பியிருக்கிறேன், புதியது வந்ததால் மேலாளரிடம் கேட்டு வாங்கியது, உன் காலுறைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஏறிய உச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இருபதாம் தேதி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தரகரிடம் சாவி வாங்கி, உன் கட்டில் வரப்போகிற இடத்தில் இதை ஒரு நாள் வை. மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் போ. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணு. அங்கேயே தரையில் ஒரு மணி நேரம் படு. அடுத்த நாள் பழைய பேட்டையிலும் இதையே செய், அங்கே கூடுதலாக ஒன்று, கீழ்வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டுப் பார். கேள்வி கேட்பார்கள். பதில் சொல். வேர்க்காமல் கிடக்கிறவன் முதுகில் கை வைக்கிறவர்கள் அப்படிக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள்தான். இவ்வளவும் செய்த பிறகு ஏழாவது மாடிதான் வேண்டும் என்றால் எடுத்துக்கொள், நான் வாயே திறக்க மாட்டேன். பொய், திறப்பேன்.

அப்பாவிடம் இன்று மாலை மீதிக் கதையைச் சொல்லப்போகிறேன். பாவம், மோட்டாரை விட்டு அவரும் நகர வேண்டும். சின்னவள் உனக்குத் தனியாக எழுதுகிறாளாம், எழுத மாட்டாள்.

நீண்ட ஆயுளோடு, குளிர்ந்த உடம்போடு, நன்றாகத் தூங்கி எழுந்து இரு. எப்போதும் முடிவில் நான் சொல்வதை இந்த ஒரு முறை மாற்றிச் சொல்கிறேன், மறந்துவிடாதே: வெயிலில் போ. குடை எடுத்துக்கொண்டு போ.

உன்னைப் பார்த்து ஒரு மத்தியானம் சிரித்துவிட்ட,
அம்மா