காலி வண்டியில் தெரியாத பழுது

மார்ச் 4, செவ்வாய்
வண்டி மறுபடியும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இன்னும் இரண்டே தெரு. பின்னால் நாற்பது தண்ணீர் கேன். மெக்கானிக் பைக்கில் வந்து, எரிந்துபோன ஃபியூஸை மாற்றினார், உடனே கிளம்பிவிட்டது. போன வாரம் பேட்டரியை மாற்றினார், அதற்கு முந்தின வாரம் சாவி போடும் சுவிட்சை. இன்னும் என்னைத்தான் மாற்றவில்லை. "ஓட்டுற விதமும் இருக்குல்லக்கா" என்றார். பதினாறு வருஷமாக ஓட்டுகிறேன். கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் கொடுத்தேன்?

மார்ச் 7, வெள்ளி
இன்றும். வேகத்தடை தாண்டிப் பத்தடியில்.

மார்ச் 10, திங்கள்
இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளி அலுவலக அம்மா சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் கேன் கழுவிக்கொண்டே, வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்து இழுத்துப் போவாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கேட்டா நீ விடவா போற?" அதுவும் உண்மைதான். ஆனாலும் —

மார்ச் 12, புதன்
மத்தியானம் சாப்பிட்ட கையோடு இந்த நோட்டைப் புரட்டினேன். வண்டி நின்றது ஒன்பது தடவை. ஒன்பதும் போகும்போது. காலி கேன்களோடு திரும்பும்போது ஒரு தடவைகூட இல்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்ப்பதோ எப்போதும் காலி வண்டியை. அப்புறம் எப்படித் தெரியும் அவருக்கு?

மார்ச் 13, வியாழன்
நாற்பது கேனையும் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே போனேன். வீட்டுல அண்ணனை வரச் சொல்லுங்க, அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார் மெக்கானிக்.

"அவர் ஓட்டுறதில்ல தம்பி. நான்தான் ஓட்டுறேன். ஏறி உக்காருங்க."

உட்கார்ந்தார். பட்டறைத் தெரு வேகத்தடையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினேன். மூன்றாவது முறை இன்ஜின் பொட்டென்று அடங்கியது. வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாரத்தை இறக்காமலே டார்ச்சோடு கீழே போனார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்புக்குப் போகும் ஒயர், பிடித்திருந்த கிளிப் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் தோல் உரிந்து செம்பு பல்லிளித்தது. பாரம் ஏறிக் குலுங்கினால் அது இரும்பில் உரசும், ஃபியூஸ் எரியும். பாரம் இறங்கினால் விலகிக்கொள்ளும்.

"நான் தப்பா நெனச்சிட்டேங்க்கா" என்றார், படுத்தபடியே.

புது ஒயர், மேலே ரப்பர் குழாய், இரண்டு கிளிப். முக்கால் மணி நேர வேலை. ஒன்பது தடவை நடுத்தெருவில் நின்றேனே.

மார்ச் 16, ஞாயிறு
இரும்புக்காரர் வந்தார். வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார். "வண்டி குடுக்கறதா இல்லைங்க. மெக்கானிக்குக்கே பிடிபடாதத என் பொண்டாட்டி கண்டுபிடிச்சிட்டா." எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ? கேட்டது. இன்னொரு தரம் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

மார்ச் 28, வெள்ளி
பதினைந்து நாளாகிறது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்
மெக்கானிக் போன் செய்தார். ஒரு சரக்கு வேனில் முன் விளக்கு விட்டு விட்டு அணைகிறதாம், மூன்று நாளாகக் காரணம் தெரியவில்லையாம். ஒரு எட்டு வந்துவிட்டுப் போக முடியுமா என்றார். போனேன். வேன் டிரைவர் அவரிடம் விவரம் சொல்ல ஆரம்பித்தார்.

"அக்காகிட்ட சொல்லுங்க" என்று மெக்கானிக் ஒதுங்கி நின்றார்.